இரண்டு என்றால் எந்தத் திசை?

மேடு பள்ளம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, அது பேசுகிற பாஷைதான் பிடிபடவில்லை என்று. அதனால் கிணறு, போர்வெல் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிடும் ஜிடால், கிராஸ், சாகா, டவ்டெம், வொயிட்பாக்ஸ், க்யூஜிஐஎஸ் போன்ற திறமூல மென்பொருள்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

குன்னூர் வாசகி: அக்கா, ஒரே டெம் கோப்பிலிருந்து (நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் கோப்பு) சரிவு பார்க்கும் திசையை ஜிடாலில் ஒருமுறையும் கிராஸில் ஒருமுறையும் எடுத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடக்குச் சரிவுக்கு ஒன்று 0 என்கிறது, இன்னொன்று 90 என்கிறது. எது தப்பு?

இரண்டும் சரி, அதுதான் தொல்லை. ஜிடாலின் கணக்கு திசைகாட்டியைப் போல: வடக்கு 0, அங்கிருந்து வலஞ்சுழியாகக் கிழக்கு 90, தெற்கு 180. கிராஸின் பழைய வழக்கம் பள்ளிக்கூட வடிவியல் நோட்டைப் போல: கோணம் கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாகச் சுற்றும். வடக்கு 90, மேற்கு 180, தெற்கு 270, முழுச் சுற்று வந்தால் கிழக்கு 360. கிழக்குக்கு ஏன் 0 இல்லை என்றால், 0-வைச் சமதளத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஜிடாலில் சமதளம் -9999. சமதளத்துக்கு 0 போடச் சொல்லும் விருப்பம் ஒன்றும் அதில் உண்டு. அதைத் தட்டிவிட்டால் வடக்குச் சரிவுக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் ஒரே எண் வரும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

கிராஸ் கையேட்டில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் சன்னலில் 'ஆஸ்பெக்ட்' என்று ஒற்றைச் சொல்லைப் பார்த்த பிறகு யார் கையேட்டைத் திறக்கிறார்கள்? நான் திறக்கவில்லை. சிறுமலையில் ஒரு தோட்டக்காரர், நாற்றங்கால் போடக் காலை வெயில் விழுகிற சரிவு வேண்டும் என்று கேட்டிருந்தார். 90-ஐ ஒட்டிய கட்டங்களுக்கெல்லாம் பச்சை அடித்து, அச்செடுத்து, காலை ஏழு மணிக்கு அவரோடு போய் நின்றேன். எங்கள் மேல் நிழல். பக்கத்துச் சரிவில் வெயில் பளீரென்று அடிக்கிறது. பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "ஏம்மா, பொழுது கிளம்புற பக்கம் கூடவா அந்தப் பொட்டிக்குத் தெரியாது?" என்றார். பெட்டிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

மாற்றுவது எளிது. 450-லிருந்து கிராஸ் எண்ணைக் கழியுங்கள். விடை 360-ஓ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு 360-ஐக் கழியுங்கள். ஆனால் 0 கட்டங்களை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் உள்ள குளமெல்லாம் கிழக்குப் பார்த்து நிற்கும். புதிய பதிப்புகளில் 'என்' என்று ஒரு ஃபிளாக், அதாவது விருப்பக் குறி, இருக்கிறது. அதைப் போட்டால் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகவே தந்துவிடும், சமதளத்துக்கு -9999.

தஞ்சாவூர் வாசகர்: மேடம், நீரோடும் திசை ராஸ்டரை (கட்டத்துக்கு ஓர் எண் உள்ள படம்) ஒரு மென்பொருளில் செய்து இன்னொன்றில் கொடுத்தேன். ஆறு மலை ஏறுகிறது. வழிகாட்டி சிரிக்கிறார். எனக்கு அழுகை வருகிறது.

அழாதீர்கள் தம்பி, இந்த ஆறு எல்லோர் வீட்டிலும் மலை ஏறியிருக்கிறது. டி8 என்ற முறை 1984-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது: ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான ஒன்றுக்குத் தண்ணீர் போகும். முறை ஒன்றுதான். ஆனால் அந்த எட்டுத் திசைக்கு என்ன எண் கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு வழி.

'2' என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ரி நிறுவனத்தின் முறையில் தென்கிழக்கு. டவ்டெம்மில் வடகிழக்கு. கிராஸின் ஆர்.வாட்டர்ஷெட் கருவியில் வடக்கு. வொயிட்பாக்ஸ்டூல்ஸிலும் சாகாவிலும் கிழக்கு. அந்தக் கடைசி இரண்டும் ஒத்துப்போகிறது என்று சந்தோஷப்படாதீர்கள்: சாகா வடக்கை 0 என்று வைத்து 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போகும், வொயிட்பாக்ஸ் வடகிழக்கை 1 என்று வைத்து 2, 4, 8 என்று இரட்டிக்கும். கிழக்கில் மட்டும் தற்செயலாகக் கைகுலுக்குகிறார்கள். தெற்கில் சாகா 4, வொயிட்பாக்ஸ் 8.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், நானே செய்ததில்லை. என் வகுப்பில் செய்யச் சொல்வது சாய்ப்புக் கூரை சோதனை. நோட்பேடில் ஐந்துக்கு ஐந்து கட்டம் அடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் 50, 40, 30, 20, 10. கட்டத்தின் அகலம் 10 மீட்டர். மேலே ஆறு வரித் தலைப்பு சேர்த்து ஆஸ்கி கிரிட் கோப்பாகச் சேமித்தால் இந்த மென்பொருள்கள் எல்லாம் வாசிக்கும். வீட்டுப் பின்கட்டில் இறக்கிய சாய்ப்பு மாதிரி, கிழக்குப் பக்கம் மட்டும் இறங்குகிற நிலம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இறக்கம் என்பதால் சரிவு 45 டிகிரி என்று கணக்குப் போடாமலே தெரியும். இதைச் சந்தேகப்படுகிற கருவியில் ஓட்டுங்கள். சரிவு 45 வந்தால் டிகிரி, 100 வந்தால் விழுக்காடு, 0.785 வந்தால் ரேடியன். திசை 90 வந்தால் திசைகாட்டி, 360 வந்தால் கிராஸ். ஓரக் கட்டங்கள் காலியாக வரலாம், பயப்படாமல் நடுவில் பாருங்கள்.

பிறகு கூரையைத் தெற்கே சாய்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு சாய்ப்பு போதாது. கிழக்குக்கு எஸ்ரியும் டவ்டெம்மும் இரண்டுமே 1 என்றுதான் சொல்லும்; தெற்கில்தான் 4, 7 என்று சாயம் வெளுக்கும்.

சிவகங்கை வாசகர்: பள்ளங்களை நிரப்பும் 'ஃபில் சிங்க்ஸ்' கொடுத்தால் எங்கள் கண்மாயையே காணோம். இது பிழையா, வசதியா?

பெயரில்தான் பிழை. இந்தக் கருவியை எழுதியவர்களுக்குப் பள்ளம் என்றாலே அளவீட்டுக் கோளாறு. மலையும் ஆறும் உள்ள ஊரில் அது பெரும்பாலும் உண்மை. ராடார் தவறாக வாசித்த ஒரு கட்டம் குழியாக நிற்கும், கணக்கில் தண்ணீர் அதில் விழுந்து வெளியே வராது. அதனால் நிரப்பிவிட்டு மேலே போகிறார்கள். சிவகங்கையில் பள்ளம் என்றால் அது தாத்தா காலத்து வாழ்வாதாரம். கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அது செய்வதைக் கண்மாய்க்காரர் பாஷையில் சொன்னால் சட்டென்று விளங்கும். வாங்–லியு முறை 2006-இல் வந்தது. அதில் 'வழியும் உயரம்' என்று ஒன்று கணக்கிடப்படுகிறது. நம் ஊரில் அதற்குப் பெயர் கலிங்கு மட்டம். பள்ளத்தைக் கலிங்கு மட்டம் வரை மண் போட்டு நிரப்பி, அங்கிருந்து தண்ணீரை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். எந்தக் கையேட்டிலாவது இப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அது கண்டுபிடிக்கிற கலிங்கு உங்கள் கலிங்காக இருக்காது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உங்கள் கரையின் மேல் அகலமோ கலிங்கின் நீளமோ அதற்குள் அடங்கிப்போகும். கருவி, கரை தாழ்வாகத் தெரிகிற ஏதோ ஓர் இடத்தில் தண்ணீரைத் திருப்பிவிடும், உங்கள் வரத்துக்கால் அடுத்த ஊர் வயலில் போய் நிற்கும். எஸ்ஆர்டிஎம் தரவு என்றால் இன்னொன்றும் உண்டு. எண்டெவர் விண்ணோடம் அதை அளந்தது 2000 பிப்ரவரியில், 11 நாளில். அன்றைக்குக் கண்மாயில் தண்ணீர் கிடந்திருந்தால் ராடார் பார்த்தது நீர்மட்டத்தை, தரையை இல்லை.

நான் செய்வது இது: நிரப்பிய டெம்மிலிருந்து நிரப்பாததைக் கழித்து, எங்கெங்கே எத்தனை மீட்டர் நிரப்பியிருக்கிறது என்று ஒரு படம். அதன் மேல் கண்மாய் எல்லைகளை விரிப்பது. எல்லைக்குள் விழுகிறவை கண்மாய். அவற்றைக் காப்பாற்றி மற்றதை மட்டும் நிரப்பலாம். அல்லது நிரப்புவதற்குப் பதில் கரையை வெட்டி வழி விடுகிற 'பிரீச்' கருவிகள் வொயிட்பாக்ஸில் இருக்கின்றன. கலிங்கு இருக்கும் இடம் தெரிந்தால் அந்தக் கட்டத்தை நீங்களே தாழ்த்திவிட்டு ஓட்டலாம்.

சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஒருவர் சிங்க் என்கிறார், ஒருவர் பிட், ஒருவர் டிப்ரெஷன். வொயிட்பாக்ஸில் ஒற்றைக் கட்டக் குழிகளுக்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன, அங்கே பிட் என்பது சின்னது. மற்ற இடங்களில் அந்த வரையறை இல்லை. கொங்கு நாட்டு வாசகர்கள் வேறு 'பள்ளம்' என்றால் ஓடை என்று எழுதுகிறார்கள். இந்தப் பத்தியின் பெயரையே மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கிடக்கிறது.

ஈரோடு வாசகி: புது மடிக்கணினி வாங்கிய பிறகு டிஆர்ஐ எண்கள் மூன்று மடங்காகிவிட்டன. மலை அப்படியேதான் இருக்கிறது.

டிஆர்ஐ என்றால் நிலம் எவ்வளவு கரடுமுரடு என்று சொல்லும் எண். புதுக் கணினியில் ஜிடால் 3.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஏறியிருக்கும். 2021-இல் வந்த அந்தப் பதிப்பில் டிஆர்ஐயின் வழக்கமான சூத்திரமே மாறியது. அதற்கு முன்பு வில்சன் முறை. கடல் தரைக்கு ஏற்றது. இப்போது ரைலி முறை, 1999-இல் நிலத்துக்கென்று சொன்னது. டிஆர்ஐ என்ற பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

கையால் போட்டுப் பாருங்கள். நடுக்கட்டம் 100 மீட்டர். சுற்றி எட்டும் 98, 102, 104, 96, 101, 99, 103, 97. வித்தியாசங்கள் 2, 2, 4, 4, 1, 1, 3, 3. வில்சன் முறையில் இவற்றின் சராசரி: 20-ஐ எட்டால் வகுத்து 2.5. ரைலி முறையில் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம்: 60-இன் மூலம், 7.75. உங்கள் மூன்று மடங்கு இதுதான். பழைய அறிக்கையோடு ஒப்பிட வேண்டுமானால் வில்சனைத் தேர்ந்தெடுக்கும் விருப்பம் இன்னும் இருக்கிறது.

இதில் ஜிடால்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு பெயரைச் சரிசெய்தார்கள், பழைய வழியையும் மூடவில்லை, கையேட்டிலும் எழுதினார்கள். குறை நம்மிடம். 'டிஆர்ஐ கணக்கிடப்பட்டது' என்று அறிக்கையில் எழுதிவிட்டு எந்தச் சூத்திரம், எந்தப் பதிப்பு என்று எழுதாமல் விடுகிறோம். இன்னொன்று: ரைலியின் வகைப் பட்டியலில் 80 மீட்டர் வரை 'சமதளம்'. அந்த எல்லைகள் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குச் செய்தவை. அதை 30 மீட்டர் டெம்மில் போட்டு, மலைத்தொடர் முழுவதும் சமதளம் என்று முடிவு கட்டிய ஆய்வறிக்கை ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதன் அட்டைப் படத்தில் செங்குத்துப் பாறை.

நாகர்கோவில் வாசகர்: ஒரு கருவியின் மூல நிரலைப் பார்த்தபோது கையேட்டில் இல்லாத ஒரு விருப்பம் கண்ணில் பட்டது. போட்டுப் பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது. பயன்படுத்தலாமா?

எந்தக் கருவி என்று எழுதியிருந்தீர்கள், இங்கே அது வேண்டாம். கையேட்டில் இல்லாத விருப்பம் மூன்று விதமாக வந்திருக்கலாம். எழுத மறந்தது, இன்னும் பரிசோதனையில் இருப்பதால் வேண்டுமென்றே எழுதாதது, என்றோ கைவிட்டு, துடைக்க மறந்தது. முதலாவது புதையல், மூன்றாவது கண்ணிவெடி. பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும்.

பிரித்தறிய அந்த வரியின் வரலாற்றைப் பாருங்கள். யார், எப்போது, என்ன காரணம் சொல்லிச் சேர்த்தார்கள் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் வரிக்கு வரி இருக்கிறது. அதற்கென்று சோதனை நிரல் எழுதப்பட்டிருந்தால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு எழுதியவர்களிடமே கேளுங்கள். "இது இருக்கலாமா" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "இதைக் கையேட்டில் சேர்க்க இந்த நான்கு வரி எழுதியிருக்கிறேன், சரியா" என்று கேளுங்கள். அன்றைக்கே வரும்.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஜான் லிண்ட்சே செய்த பழைய வொயிட்பாக்ஸில் ஒவ்வொரு கருவியின் சன்னலிலும் 'நிரலைக் காட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. கையேடு புரியாவிட்டால் அடுத்த சொடுக்கில் கணக்கையே பார்த்துவிடலாம். எல்லா மென்பொருளும் அந்தப் பொத்தானைக் காப்பியடித்திருக்க வேண்டும்.

விருதுநகர் வாசகி: எனக்கு புரோகிராமிங் வராது. கையேட்டைத் திருத்த என்னைப் போன்றவர்களை விடுவார்களா?

விடுவார்கள். தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜிடாலின் கையேட்டுப் பக்கத்தில் திருத்துவதற்கான இணைப்பே இருக்கிறது. அழுத்தினால் நிரலும் கையேடும் இருக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தப் பக்கம் திறக்கும், எழுதி அனுப்பினால் ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். கிராஸும் 2019 முதல் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. ஆனால் கிராஸ் பக்கம் இரண்டு துண்டு. விருப்பங்களின் பட்டியல் நிரலிலிருந்து தானாக உருவாகும். விளக்கம் மட்டும் தனிக் கோப்பு. விளக்கத்தை நீங்களே மாற்றலாம், பட்டியலில் உள்ள சொல்லை மாற்ற நிரலுக்குள் போக வேண்டும். சாகாவில் விளக்கம் முழுவதுமே சி பிளஸ் பிளஸ் நிரலுக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பயமாகத் தெரியும், ஆனால் நீங்கள் மாற்றுவது மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும்தான். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஹாம்பர்க் போன மென்பொருள் அது. ஜெர்மன்காரர்கள் தெரியாமல் வைத்த பெயர் என்றாலும் தமிழில் 'சாகா' நல்ல சகுனம்.

நான் முதலில் அனுப்பிய திருத்தம் ஒரே வரி. அதற்கு முன்பு கிராஸின் விருப்பப் பட்டியலில் இருந்ததன் சாரம்: "வெளியீடு: திசை." நான் எழுதியது: "வெளியீடு: சரிவு இறங்கும் திசை, டிகிரியில், கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாக, சமதளம் 0." சிறுமலைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நான் தர வேண்டியிருந்த பதில் அதுதான், இரண்டு ஆண்டு கழித்துத் தந்தேன்.

ஒரு எச்சரிக்கை. விளக்கத்தை மாற்றுங்கள், உள்ளீட்டின் பெயரை மாற்றச் சொல்லாதீர்கள். அசிங்கமான பெயராக இருந்தாலும் அதை நம்பி எங்கோ யாரோ நூறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள். க்யூஜிஐஎஸ்ஸுக்குள் சாகா பல காலம் 2.3 பதிப்போடு நின்றுபோயிருந்ததற்குப் பெயர்களும் விருப்பங்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறியதும் ஒரு காரணம். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பெயரும் சில காலம் செல்லுபடியாக வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டு இனிஷியலில் தபால் வருகிற மாதிரி.

திருநெல்வேலி வாசகர்: எழுதத் தெரிந்தவர்கள்தானே நிரல் எழுதுகிறார்கள். கையேடு எழுத மட்டும் ஏன் சோம்பல்?

உங்கள் அம்மாவிடம் ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

மேட்டூர் வாசகர்: 'ஆஸ்பெக்ட்', 'வாட்டர்ஷெட்' இரண்டுக்கும் நல்ல தமிழ்ச் சொல் தாருங்கள்.

ஆஸ்பெக்டுக்கு நான் 'சாய்முகம்' என்று எழுதுகிறேன். திசை என்று மட்டும் எழுதினால் காற்றா, தண்ணீரா, சரிவா என்று தெரியாது. வாட்டர்ஷெட் ஆங்கிலத்திலேயே வில்லங்கம். பிரிட்டனில் அது தண்ணீரைப் பிரிக்கிற மேட்டுக் கோடு, அமெரிக்காவில் தண்ணீர் சேர்கிற நிலப்பரப்பு. அரசு ஆவணங்களில் இரண்டாவது பொருளில் 'நீர்வடிப்பகுதி' நிலைத்துவிட்டது. முதல் பொருளுக்கு 'நீர்பிரி மேடு' போதும்.

கம்பம் வாசகி: போன இதழில் ஈரக் குறியீட்டுக்கு (எந்த இடம் ஈரம் பிடிக்கும் என்று சொல்லும் எண்) நீங்கள் தந்த வாய்பாட்டை க்யூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டரில் அப்படியே போட்டேன். பாதிப் படம் ஓட்டையாக வருகிறது. தவறு என்னுடையதா?

என்னுடையது. நீர் வந்து சேரும் பரப்பைச் சரிவின் டேன் மதிப்பால் வகுத்து இயல் மடக்கை (ln) எடுக்கச் சொன்னேன், சரிவு எந்த அலகில் என்று சொல்லாமல் விட்டேன். சரிவுப் படம் டிகிரியில் இருக்கிறது, கால்குலேட்டரின் டேன் ரேடியனைத்தான் எதிர்பார்க்கிறது. 5 டிகிரிச் சரிவை அது 5 ரேடியன் என்று எடுத்தால் டேன் -3.38, எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது, கட்டம் காலி. ஓட்டை விழுந்த இடமாவது கண்ணுக்குத் தெரிகிறது. 10 டிகிரியில் ஓட்டையே விழாது: டேன் 0.176-க்குப் பதில் 0.648 என்று எடுத்துக்கொண்டு, 7.44 வர வேண்டிய இடத்தில் 6.14 என்று சமர்த்தாக ஒரு எண்ணைத் தரும்.

அந்த 7.44-இல் இன்னொரு அலகும் இருக்கிறது, அதையும் போன இதழில் விழுங்கிவிட்டேன். பரப்பு என்று நான் எழுதியது மொத்தச் சதுர மீட்டர் இல்லை, கட்டத்தின் அகலத்தால் வகுத்தது. மேலிருந்து பத்துக் கட்டத்துத் தண்ணீர் வருகிறது, கட்டம் 30 மீட்டர் என்றால் 9000 சதுர மீட்டரை 30-ஆல் வகுத்து 300 மீட்டர். திருத்திய வாய்பாடு: சரிவை முதலில் 3.14159-ஆல் பெருக்கி 180-ஆல் வகுங்கள், பிறகு டேன். பரப்பைக் கட்ட அகலத்தால் வகுங்கள், அதை அந்த டேனால் வகுங்கள், பிறகு இயல் மடக்கை. சரிவு 0 உள்ள கட்டங்களுக்கு 0.001 போல ஒரு சிறு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். போன இதழ் கையில் இருப்பவர்கள் அந்தப் பத்தியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் இதை எழுதிக்கொள்ளவும்.